பின்னோக்கி நடந்த கணுக்கால்

1. புத்தூர்க்காரி

நான் பிறந்த ஊர் புத்தூர். பிழைப்பு பிசியோதெரபி. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் பக்கத்தில் சிரிக்காதவர் இல்லை. எலும்பு முறிந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் பிடித்துக் கட்டுப் போட்டுக்கொள்ள வருகிற ஊரில் பிறந்துவிட்டு, திருப்பதியில் உட்கார்ந்து, கட்டுப் பிரித்த கைகால்களை மடக்கு, நீட்டு என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆர்த்தோ பெரிய டாக்டர் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "அங்க கட்டறாங்க, நீ இங்க அவுக்க வந்துட்டியா?" என்றார். ஓய்வு பெறும் நாள்வரை இந்தக் கேலி என்னோடு கூடவே வந்தது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்க முடியவில்லை. வீடு சித்தூரில். ஆனாலும் காலையில் பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்து, என்னிடம் வேலை கற்ற பெண் ஒருத்தி நடத்தும் கிளினிக்கில் மதியம்வரை பார்க்கிறேன். அவளிடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அனுபவம் சொல்லுங்கள் என்று நச்சரிக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதி, நோயாளியின் வீட்டாரோடு மல்லுக்கட்டியது. மீதியில் தணிகை என்ற பையனின் கதையைச் சொல்கிறேன்.

2. ஆஷாடமும் ஆடியும்

ஆவணி பிறந்த சமயம். இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்து ஒரு பையனைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தோள் அகலம் கதவை அடைக்கும். இடது காலை மட்டும் தரையில் வைக்காமல், யாரோ கடன் கொடுத்த பொருளைப் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். முழுப் பெயர் தணிகைவேல். நகரிக்காரன், வயது இருபத்தொன்று. அப்பா பவர்லூம் ஓட்டுகிறார். அம்மா அமுதா அந்தத் தறிகளுக்கு நூல் சுற்றித் தருகிறவர். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். ஐஸ் ஹாக்கி ஆடுகிறான் என்றார் அம்மா.

எங்கள் பக்கம் ஐஸ் என்றால் மீன் பெட்டியில் பார்த்திருக்கிறோம், கரும்புச்சாறு வண்டியில் பார்த்திருக்கிறோம். அதன் மேல் ஏறி ஆடுகிற ஆள் நகரியில் இருப்பான் என்று நான் எங்கே கண்டேன். பையன்தான் விளக்கினான். திருப்பதியில் ஹாஸ்டலில் இருந்து படித்தபோது சக்கர ஸ்கேட்டில் ஆரம்பித்தானாம். அதில் ஹாக்கி ஆடினான். அப்புறம் வடக்கே ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் ஐஸில் கால் வைத்தவன், அதிலேயே நின்றுவிட்டான். ஷூவுக்கு அடியில் கத்தி. கையில் நீளமான ஸ்டிக். பக் என்ற கறுப்பு ரப்பர் வில்லையை அடித்து எதிராளியின் வலைக்குள் தள்ள வேண்டும். இவன் டிஃபென்ஸ். வருகிறவனைத் தடுக்கிற ஆள். லடாக்கில் ஓர் அணி அடுத்த சீசனுக்குச் சம்பளம் பேசி இவனை எடுத்திருந்தது. அந்த வயதில் இவ்வளவு நிதானமான டிஃபென்ஸ் ஆட்டக்காரனைப் பார்த்ததில்லை என்று அங்கே கோச் சொன்னதாக அம்மா கூச்சத்தோடு சொன்னார்.

ஐஸில் விழாதவன் புத்தூர் ரோட்டில் எருமை குறுக்கே வந்து ஸ்கூட்டரோடு விழுந்திருக்கிறான். கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் விரிசல். விலகவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த கையோடு உறவுக்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு ஓடியிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கட்டு நன்றாகவே போட்டிருந்தார்கள், எலும்பும் கூடியிருந்தது. ஆனால் காலைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆடுதசை வற்றிப்போய்க் கிடந்தது. பாதம் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. இவ்வளவு நாள் ஏன் கட்டோடு வைத்திருந்தீர்கள் என்று அமுதாவைக் கேட்டேன்.

"என்னா மேடம் பண்றது. பக்கத்து ஊட்டு தெலுங்கம்மா ஆஷாடத்துல பிரிச்சா ஆவாதுன்னாங்க. அது முடியறதுக்குள்ள நம்ம ஆடி வந்துடுச்சு. ஆடியில பிரிக்கிறதான்னு எங்க நாத்தனார் சண்டைக்கு வந்துட்டாங்க. ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பார்த்து பிரிச்சிக்கினு வந்துட்டோம்."

"கட்டு போட்டவரு என்னா சொன்னாரு?"

"அவரு ஆனியிலயே நடக்கச் சொன்னாரு," என்றார் அமுதா, குரலை இறக்கி.

இரண்டு மொழிக்கு நடுவில் குடியிருக்கிறவர்களுக்கு இரண்டு பஞ்சாங்கத்தின் கெட்ட மாதமும் சொந்தம். வேறெங்காவது பிறந்திருந்தால் இந்தப் பையன் ஆனியிலேயே நடந்திருப்பான். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபின் இரண்டையும் விழுங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

3. வலிக்காத கால்

உருக்கிய மெழுகில் முக்கி வேக்ஸ் பாத் கொடுத்துக் காலை இளக்கினோம். மூட்டைக் கையால் அசைத்து அசைத்து மடங்குகிற ரேஞ்ச் கொண்டுவந்தோம். தெரா பேண்ட் என்ற ரப்பர் பட்டையை இழுக்கவைத்துத் தசைக்கு வலு ஏற்றினோம். பையன் சொன்னதைச் சொன்னபடி செய்வான். நகரியிலிருந்து தினமும் அம்மாவோடு பஸ்ஸில் வந்துவிடுவான். ஆவணி முடிவதற்குள் பாதம் ஏறக்குறைய முழுசாக மடங்கியது. ஆர்த்தோ டாக்டர் புது எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு முழு எடையையும் ஊன்றலாம் என்றார்.

அங்கேதான் வண்டி நின்றது. பேரலல் பார் என்ற இரட்டைக் கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தி நடக்கச் சொன்னால், வலது கால் போகும், இடது குதிகால் தரையைத் தொடப்போகிற நேரத்தில் உடம்பு முழுவதும் இறுகிவிடும். நொண்டி, கையால் பாரைப் பிடித்துத் தொங்கி, அந்த ஒரு அடியைத் திருட்டுத்தனமாகத் தாண்டுவான். கைத்தடி இல்லாமல் அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியவில்லை. மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால் நடக்கவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பான். ஒருநாள் அவனாகச் சொன்னான்.

"வலிக்கல மேடம். வலிக்கப்போவுது, வலிக்கப்போவுதுன்னு காலுக்கு தோணிக்கினே கீது. நான் இன்னா சொன்னாலும் கேக்க மாட்டேங்குது."

இதற்கு எந்த மெஷினிலும் செட்டிங் கிடையாது. லடாக்கிலிருந்து கோச் போனில் பேசினார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். தீபாவளிக்குள் பையன் ஸ்கேட் கட்டி ஆடுகிற வீடியோ வந்தால் முகாமுக்கு அழைப்பேன், வராவிட்டால் காத்திருக்கிற வேறொரு பையனுக்கு இடம் போய்விடும் என்றார். தணிகை பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். சரி சார் என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு அவன் ரப்பர் பட்டையை இழுத்த இழுப்பில் அது அறுந்தது.

அவன் கால் மெழுகில் இருந்த ஒரு நேரத்தில் அமுதா என்னை வெளியே கூப்பிட்டார். வராந்தாவில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இவன் ஒவ்வொரு வாட்டி போறப்பவும் திரும்பியே பாக்க மாட்டான் மேடம். முதுவுதான் தெரியும். பார்த்தா அழுதுடுவானாம், அவங்க நைனா கிட்ட சொல்லிக்கீறான். இந்த வாட்டி கட்டு போட்டுக்கினு ஊட்ல படுத்திருந்தப்ப, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். நான் ஆக்கிப் போடறேன், அவன் துன்னுறான். இப்படியே இருந்துட்டா நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டேன். அப்படி நெனச்சதுக்குத்தான் கால் வர மாட்டேங்குதோன்னு பயமா கீது."

நானும் ஒரு பையனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கிறவள். அந்தப் பேச்சு எனக்குள் நேராக இறங்கியது. அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. திருமலைக்கு முடி வேண்டியிருக்கிறேன், புரட்டாசியில் கூட்டிப் போகப்போகிறேன் என்றார். படி ஏற விடக்கூடாது, பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று ஆயிரம் தடவை சொல்லி அனுப்பினேன்.

4. மொட்டைத் தலை

புரட்டாசிச் சனிக்கிழமை கூட்டத்தில் போய்விட்டு, திங்கட்கிழமை வந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, கைத்தடியோடு தணிகை நொண்டிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் வந்த அமுதாவின் கண் வீங்கியிருந்தது. லட்டை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், பொலபொலவென்று அழ ஆரம்பித்தார். பையன் சங்கடப்பட்டு, நீங்களே கேளுங்க மேடம் என்று ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

நடந்தது இதுதான். சந்நிதிக்குள் வரிசை நெருங்கியபோது, பையன் இரண்டு கையையும் கூப்பட்டும் என்று அமுதா கைத்தடியை வாங்கி வைத்துக்கொண்டார். பெருமாளைப் பார்த்து ஒரு மூச்சு விடுவதற்குள் ஜருகண்டி ஜருகண்டி என்று விரட்டினார்கள். சாமிக்கு முதுகு காட்டக்கூடாது அல்லவா. எல்லோரையும் போலத் தணிகையும் கூப்பிய கையோடு, சாமியைப் பார்த்தபடியே பின்னால் போயிருக்கிறான். தடி இல்லை, பிடிமானம் இல்லை. நொண்டவும் இல்லை. அமுதா கண்ணால் பார்த்தார். வாசலைத் தாண்டி வெளியே வந்து திரும்பினான். முன்னால் எடுத்து வைத்த முதல் அடியிலேயே பழையபடி நொண்டி, தடிக்குக் கை நீட்டினான்.

"உள்ள குடுத்தாரு மேடம், வெளில வர்றதுக்குள்ள திருப்பி வாங்கிக்கினாரு. நான் நெனச்சது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்தியால் இல்லை என்று சொன்னால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். எழுந்துபோய்த் தணிகையின் கைத்தடியைப் பிடுங்கிக்கொண்டேன். நடு அறையில் என்னைப் பார்த்து நிற்கச் சொன்னேன். ஐஸில் உன் வேலை என்ன, அதைச் செய்து காட்டு என்றேன். டிஃபென்ஸ் மேடம் என்றான். அதுதான் தெரியுமே, உடம்பால் என்ன செய்வாய் என்றேன்.

அவன் முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பை இறக்கி, கையில் ஸ்டிக் இருப்பதுபோல் நீட்டினான். பிறகு பின்னால் போனான். ஒழுங்காக, சமமாக, இடது வலது என்று. முதலில் விரல் பதிந்தது, அப்புறம் குதிகால் மெதுவாக இறங்கியது. இவ்வளவு நாள் நாங்கள் தவமிருந்த குதிகால், சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்து எழுந்தது. சுவர் முட்டியபோதுதான் நின்றான்.

"எதிர்ல வர்றவன் முன்னால வருவான், நாங்க பின்னாலயே போவணும் மேடம். பாதி ஆட்டம் பின்னாலதான்," என்றான், இதைப் போய்க் கேட்கிறீர்களே என்கிற முகத்தோடு.

விழுந்தது முன்னால் போகும்போது. காலின் பயமும் முன்னால் போவதில்தான் இருந்தது. பின்னால் போகிற பாதையில் அந்த எருமை இல்லை. இதை அமுதாவிடம் விளக்கினேன். சாமி எதையும் வாங்கிக்கொள்ளவில்லை, எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று காட்டிவிட்டு விட்டார், மீதி எங்கள் வேலை என்றேன். எனக்குத் தோதான விளக்கம்தான், ஆனால் அவர் அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லட்டை எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தார்.

5. வராந்தாவில் ஆட்டம்

மறுநாளிலிருந்து கிளினிக் வராந்தா ஐஸ் ஆனது. தணிகையின் கையில் ஒட்டடைக் கம்பு. என் கையில் அவனுடைய கைத்தடி. பேண்டேஜ் சுருள் ஒன்றை டேப் சுற்றி உருட்டிப் பக் ஆக்கினோம். நான் முன்னேறி வர வேண்டும், அவன் பின்னால் போய்க்கொண்டே என்னை மடக்க வேண்டும். என் இரண்டு முட்டியும் சரியில்லை. இருந்தாலும் அந்த வராந்தாவில் என்னைவிட ஆபத்தான ஆட்டக்காரி கிடையாது.

சுருளை இந்தப் பக்கம் காட்டி அந்தப் பக்கம் தள்ளுவேன். ஏமாற மாட்டான். எப்படிடா என்றால், பக்கைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், கண்ணைப் பார்த்தாலும் ஏமாந்துவிடுவோம், நெஞ்சைத்தான் பார்க்க வேண்டும், நெஞ்சு எங்கே போகிறதோ ஆள் அங்கேதான் போயாக வேண்டும் என்றான். இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்டிக் தூரம் எப்போதும் இருக்க வேண்டுமாம். கிட்டே போனால் எதிராளி தாண்டிவிடுவான், தள்ளிப் போனால் அவனுக்கு இடம் கிடைத்துவிடும். அதற்கு கேப் என்று பெயர். பேசும்போது அவன் முகம் மாறிவிடும். நொண்டி வந்த பையன் எங்கோ போய், அந்தக் கோச் பார்த்த ஆள் எதிரில் நிற்பான்.

காத்திருக்கிற நோயாளிகள் காலை மடக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். தோள் பிடித்துக்கொண்டு வந்த ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர், ஆட்டம் தொடங்க ரைட் ரைட் என்று குரல் கொடுப்பதைத் தன் வேலையாக்கிக்கொண்டார்.

பின்னால் போவது சரியானது. ஆனால் ஆயுளுக்கும் பின்னாலேயே போக முடியாதே. நின்று, திரும்பி, முன்னால் ஓட வேண்டும். அதைச் சொல்லிச் செய்யவைத்தால் கால் மறுபடி விழித்துக்கொண்டது. அதனால் சொல்லவில்லை. ஒருநாள் வழக்கம்போல் ஆடிக்கொண்டிருந்தபோது, நெஞ்சை அசைக்காமல், சுருளைக் கையில் எடுத்து அவன் தலைக்கு மேலாகப் பின்னால் எறிந்துவிட்டேன். பச்சைத் திருட்டு ஆட்டம். "மேடம்" என்று கத்தியவன், சட்டென்று திரும்பி அதன் பின்னால் ஓடினான். நாலைந்து அடி. சுருளை ஒட்டடைக் கம்பால் மடக்கி நிறுத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்குப் புரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எழுந்திருக்கச் சொல்லவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முட்டிக்கு அது பெரிய தியாகம். அவன் தன் கணுக்காலைக் கையால் பிடித்துக்கொண்டு தேம்பினான். கண்டக்டர் வேறு பக்கம் பார்த்தார். அமுதா மட்டும் அழவில்லை. வாசலிலேயே நின்று, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, மகனைப் பார்த்தபடி இருந்தார்.

6. வீடியோ

தீபாவளிக்கு முந்தைய வாரம் திருப்பதியில் அவன் பழைய ஸ்கேட்டிங் மைதானத்தில் வீடியோ எடுத்தோம். ஐஸ் இல்லை, சக்கர ஸ்கேட்தான். முடி போன தலையில் ஹெல்மெட் ஆடியது. அமுதா தன் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக் கட்டிவிட்டார். அவனுடைய ஜூனியர்கள் சிலர் மாறி மாறி எதிரில் வந்தார்கள். ஒருவனையும் தாண்டவிடவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு பேர் தாண்டினார்கள். தாண்டியவர்களைத் திரும்பி விரட்டிப் பிடித்தான். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கோச் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். பழைய வேகம் இன்னும் இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா என்றார். முகாமுக்கு வரட்டும், முதலில் உபரி ஆளாக வெளியே உட்காருவான், இடத்தைத் திரும்பச் சம்பாதிப்பது அவன் பாடு என்றார். தணிகைக்கு அது போதும். இந்தக் கைத்தடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மேடம், அட்டாக்கர் இல்லாமல் கிளினிக் சும்மா இருக்கக்கூடாது என்று என்னிடமே விட்டுவிட்டான்.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது, எவ்வளவு மடங்குகிறது. இவற்றைக் கேட்கத்தான் நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கேளுங்கள். ஆனால் கேட்டு முடித்ததும், நீ என்ன வேலை செய்கிறாய், அதை இங்கேயே செய்து காட்டு என்று சொல்லுங்கள். கொத்தனார் என்றால் கரண்டி பிடித்துக் காட்டட்டும். பரோட்டா மாஸ்டர் என்றால் வீசிக் காட்டட்டும். பயந்துபோன உடம்பும் தனக்குப் பழகின வேலைக்குள் போகும்போது பயத்தை மறக்கிறது. நாம் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டாரிடம் எந்தெந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

அவனை வழியனுப்ப ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். அப்பா தறியை நிறுத்த முடியாது என்று காலையிலேயே வீட்டில் விடைகொடுத்துவிட்டார். வாசலில் அமுதா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். இனி முதுகு தெரியும் என்று தயாராகிவிட்டவர்போல இருந்தார்.

தணிகை டிக்கெட்டைக் காட்டினான், பையைத் தோளில் மாட்டினான். பிறகு அம்மாவைப் பார்த்து நின்றான். முழங்காலை லேசாக மடக்கி, அப்படியே பின்னால் போக ஆரம்பித்தான். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. அம்மாவின் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவும் இல்லை. கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளேயும் அப்படியே போனான். வாசலில் நின்ற காவலர், "முந்து சூசி நடு பாபு," என்று முன்னால் பார்த்து நடக்கச் சொன்னார். தணிகை தலையை ஆட்டினான், ஆனால் திரும்பவில்லை. கூட்டம் மறைக்கும்வரை எங்களுக்கு அவன் முகம் தெரிந்துகொண்டே இருந்தது.

அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம்.

"முதுவே காட்டாம போயிட்டான் மேடம்," என்றார்.